வாடிவாசலில் புலி, வீட்டு வாசலில் பிள்ளை!

மதுரை சிம்மக்கல்லில் ஒரு சிங்கம் இருக்கிறது.

கல்லால் ஆன சிங்கம். அந்த இடத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் யானைக்கல். அங்கே ஒரு கல் யானை.

இரண்டும் பரம சாது. பஸ்சுக்கு ஓடுகிறவர்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பது இல்லை.

யானைக்கல்லில் பாலம் ஏறி, வைகை ஆற்றைக் கடந்து, வடமேற்கே அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் போக வேண்டும். அங்கே இருக்கும் மிருகம் கல் அல்ல. ரத்தமும் சதையும் உள்ள மிருகம்.

கொம்பு இரண்டும் ஈட்டி மாதிரி இருக்கும். திமில் சின்னக் குன்று மாதிரி இருக்கும். மூச்சு விட்டால் தரையில் கிடக்கும் புழுதி பறக்கும்.

அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நடந்து வருவாள். வயது ஏழோ எட்டோ இருக்கும். பள்ளிக்கூடப் பாவாடையைக்கூட மாற்றி இருக்க மாட்டாள்.

"அங்கிட்டுப் போகாத. இங்கிட்டு வா" என்று அதட்டுவாள்.

காளை தலையை ஆட்டிக்கொண்டு அவள் பின்னால் வரும்!

வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்கள். ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் வீடுகளில் இது அன்றாடம் நடப்பதுதான்.

மந்திரமா, மாயமா?

இரண்டும் இல்லை. அந்தப் பெண்ணும் காளையும் ஒரே வாசலில் வளர்ந்தவர்கள். அவ்வளவுதான்.

மாட்டுக்கு மோப்ப சக்தி அதிகம். காதும் கூர்மை. கன்றாக இருந்தபோது தண்ணீர் காட்டிய கை எது, கழுத்தைச் சொறிந்துவிட்ட கை எது என்று அதற்குத் தெரியும். குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்ளும்.

அப்படியானால் வாடிவாசலில் மட்டும் ஏன் அந்தச் சீற்றம்?

மாடு கூட்டமாக வாழும் பிராணி. வாடிவாசலில் அது தனியாக நிற்கிறது. எதிரே ஆயிரக்கணக்கான முகங்கள். ஒரே கூச்சல். முன்பின் தெரியாத ஒருவன் பாய்ந்து திமிலைக் கட்டிப் பிடிக்கிறான். அவனை உதறிவிட்டு ஓட வேண்டும் என்று அது துடிக்கிறது. அந்தத் துடிப்பில் கோபமும் உண்டு, பயமும் உண்டு. பார்க்கிறவர்கள் அதை வீரம் என்கிறார்கள்.

சிவப்புத் துணியைக் கண்டால் மாடு மிரளும் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரி அல்ல. மாட்டின் கண்ணுக்குச் சிவப்பு நிறம் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தெரியாது. துணி ஆடுவதுதான் அதை மிரட்டுகிறது. எந்த நிறத் துணியை ஆட்டினாலும் மிரளும்.

வீட்டில் யாரும் துணியை ஆட்டுவது இல்லை. திமில் மீது பாய்வதும் இல்லை.

அதற்காக எந்தக் குழந்தையையும் எந்தக் காளையிடமும் விட்டுவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பழகிய காளைகூட ஈ கடித்துத் தலையைத் திருப்பினால், கொம்பு பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணில் படலாம். விவரம் தெரிந்த வீடுகளில் பெரியவர் ஒருவர் கூடவே நிற்பார்.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முதல் பாடமே, "பின்பக்கமாப் போகாத. குரல் கொடுத்துக்கிட்டே போ" என்பதுதான்.

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் உள்ளன. முன்னால், பக்கவாட்டில், ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். நேர் பின்னால் நிற்பது மட்டும் தெரியாது. தெரியாத இடத்தில் சத்தம் இல்லாமல் ஒருவர் வந்து தொட்டால் உதைக்காமல் என்ன செய்யும்?

கோழி கூவும் முன்னே

இந்த வீடுகளில் பொழுது சீக்கிரம் விடிந்துவிடும்.

முதலில் தொழுவத்தைக் கூட்ட வேண்டும். சாணத்தை அள்ளி எருக்குழியில் போட வேண்டும். கொஞ்சம் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வாசலில் தெளித்துக் கோலம் போட வேண்டும். இதற்குள் பால் கறக்கும் நேரம் வந்துவிடும். பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வர ஓர் ஆள் ஓட வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு வேலை உண்டு.

பெரியவன் படப்பில் இருந்து வைக்கோல் பிடுங்கிப் போடுவான். அடுத்தவள் கோழிக்கூட்டைத் திறந்து, முட்டை இருக்கிறதா என்று கையை விட்டுத் தேடுவாள். கடைக்குட்டியின் வேலை ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு திரிவது. அதை வேலை என்று சொல்ல முடியாதுதான். ஆனால், பிடுங்கிப் பாருங்கள், வீடே இரண்டுபடும்!

அரிசி களைந்த தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, காய்கறித் தோல் ஒன்றும் வீணாகாது. எல்லாம் மாட்டுத் தொட்டிக்குப் போகும்.

இந்த வட்டாரத்தில் வைக்கோலுக்குக் காரணம் நெல். நெல்லுக்குக் காரணம் தண்ணீர். 1895-ம் ஆண்டில் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே கேரளக் கடலுக்கு ஓடிய தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் திரும்பி வைகைக்கு வந்தது. வாடிப்பட்டி, மேலூர் பக்கத்து வயல்கள் அதைக் குடித்தன. பின்பு 1959-ம் ஆண்டில் வைகை அணையும் வந்தது. அந்தத் தண்ணீரில் விளைந்த சோறு மனிதருக்கு. தாள் மாட்டுக்கு.

பல் விழுந்தவனும் பல் முளைத்ததும்

ஆறு, ஏழு வயதில் பிள்ளைகளுக்குப் பால்பல் விழும். பொக்கை வாயோடு திரிவார்கள். அந்த வயதுப் பையனுக்குக் காளையின் வாயைப் பார்ப்பதில் தனி ஆசை.

மாட்டுக்கும் பால்பல் உண்டு. அதுவும் விழும்!

மாட்டின் மேல்வாயில் முன்பல் கிடையாது. வெறும் ஈறுதான். கீழ்வாயில் எட்டு முன்பற்கள் இருக்கும். சுமார் இரண்டு வயதில் நடுவில் உள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து, பெரிய பற்கள் முளைக்கும். அப்புறம் நாலு, அப்புறம் ஆறு. நாலு, ஐந்து வயதுக்குள் எட்டும் முளைத்துவிடும்.

மாட்டுச் சந்தையில் வயதை யாரும் கேட்பது இல்லை. வாயைத் திறந்து பார்ப்பார்கள். "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்பார்கள். அதுதான் பிறந்த தேதி.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே பல பிள்ளைகள் இரண்டு, நாலு, ஆறு, எட்டு என்று எண்ணப் பழகியது இப்படித்தான். இரண்டாம் வாய்பாடு பாதி வந்துவிடுகிறது!

சீம்பால் யாருக்கு?

பசு சினையாகி ஒன்பது மாதமும் சில நாளும் ஆனால் கன்று போடும். கிட்டத்தட்ட மனிதக் கணக்குதான். ஆனால் மனிதக் குழந்தை நடக்க ஓராண்டு ஆகிறது. கன்று ஒரு மணி நேரத்துக்குள் தட்டுத்தடுமாறி எழுந்து மடியைத் தேடும்.

அந்த நேரத்தில் வீட்டில் ஒரு வழக்கு வரும். சீம்பால் வழக்கு!

சீம்பாலில் கருப்பட்டி போட்டுக் கிண்டினால் பிள்ளைகளுக்கு நாக்கில் தண்ணீர் ஊறும். ஆனால் அந்தப் பால் முதலில் கன்றுக்குத்தான் சேர வேண்டும். பிறக்கும்போது கன்றின் உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி கிடையாது. முதல் சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலில் இருந்துதான் அது வருகிறது. வயிறு நிறையக் குடிக்காத கன்று, கழிச்சல் கண்டாலே தாங்காது.

"அது குடிச்ச மிச்சந்தான் ஒனக்கு" என்று அப்பத்தா தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அந்தத் தீர்ப்பில் அப்பீலுக்கு இடம் இல்லை.

கன்று மண்ணைத் தின்னும். குழந்தையும் தின்னும். கன்றுக்கு வாய்க்கூடு போடலாம். குழந்தைக்கு என்ன போடுவது?

இரண்டுக்கும் வயிற்றில் பூச்சி வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா? அந்த மருந்தின் பெயர் அல்பெண்டசோல். கால்நடை டாக்டர் கன்றுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்துகளிலும் அது ஒன்று. அளவுதான் வேறு. அதனால் ஒருவர் மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

தடுப்பூசி விஷயத்தில் மாட்டுக்கு மனிதர்கள் பெரிய கடன் பட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பால் கறக்கும் பெண்களுக்கு மாட்டு அம்மை வரும். அது வந்தவர்களுக்குப் பெரியம்மை வருவது இல்லை. அதைக் கவனித்து, 1796-ம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர் என்ற டாக்டர் ஒரு சிறுவனுக்கு மாட்டு அம்மைப் பாலைக் குத்தினார். தடுப்பூசி பிறந்தது. 1980-ம் ஆண்டில், பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

மனித முயற்சியால் ஒழிந்த அடுத்த நோய் எது தெரியுமா? மாட்டின் வெக்கை நோய்! ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போன நோய் அது. 2011-ம் ஆண்டில் அதுவும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதை ஒழித்ததும் தடுப்பூசிதான். கோமாரி மட்டும் இன்னும் போகவில்லை. அதற்கு ஊசி போடும் நாளில் தொழுவத்தில் பெரிய ரகளை நடக்கும். பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம். ஊசி தங்களுக்கு இல்லையே!

காளைக் கன்று பிறந்தால்?

இதுவரை சொன்னது எல்லாம் சுகமான கதை. இனிச் சொல்வது அப்படி அல்ல.

கன்று பிறந்ததும் பெரியவர்கள் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். கிடேரியா, காளையா?

கிடேரி என்றால் முகம் மலரும். நாளைக்குப் பால் தரும். காளை என்றால் வீடு கொஞ்சம் அடங்கிப்போகும்.

அந்தக் காலத்தில் அப்படி இல்லை. ஏர் உழக் காளை வேண்டும். கமலை இழுத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கக் காளை வேண்டும். வண்டிக்குக் காளை வேண்டும். இப்போது உழ டிராக்டர் இருக்கிறது. இறைக்க மோட்டார் பம்பு இருக்கிறது. பாரம் ஏற்ற வேன் இருக்கிறது. பசுவுக்குச் சினை பிடிக்கக்கூட ஊசி வந்துவிட்டது. கிடேரியே பிறக்கும்படியான சினை ஊசியும் வந்திருக்கிறது.

பிறகு காளைக் கன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தீவனம் என்னவோ அதுவும்தான் தின்கிறது.

அதிகம் பால் கறக்கும் கலப்பினப் பசு போட்ட காளைக் கன்று என்றால் கதி இன்னும் மோசம். அதற்குத் திமில் சரியாக எழும்பாது. திமில் இல்லாத காளைக்கு வாடிவாசலில் வேலை இல்லை. சில மாதங்களில் அது வியாபாரி கைக்குப் போய்விடும். அப்புறம் அடிமாடு.

"அத எங்க அப்பத்தா கொண்டு போறாக?"

இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளை, மாடு வளர்க்கும் வீட்டில் இருக்க முடியாது.

"நல்ல எடத்துக்குத்தான்யா" என்று பதில் வரும். சொல்கிறவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டார்.

நாட்டுக் காளைக் கன்றுக்கு மட்டும் மதுரைச் சீமையில் இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் ஜல்லிக்கட்டு.

இங்கே பெயர் பெற்ற இனம் புலிக்குளம் மாடு. மதுரை, சிவகங்கை, தேனி மாவட்டங்களில் மந்தை மந்தையாக வளர்க்கிறார்கள். இதில் பால் அதிகம் கிடைக்காது. மந்தையை வெள்ளாமை இல்லாத வயலில் இரவு முழுவதும் அடைப்பார்கள். இதற்குக் 'கிடை போடுவது' என்று பெயர். சாணமும் கோமியமும் வயலுக்கு உரம். வயல்காரர் கிடைக்குக் கூலி கொடுப்பார். இந்த மந்தைகளில் பிறக்கும் துடிப்பான காளைக் கன்றுகளைத் தேடி வந்து வாங்கிப் போவார்கள். இந்த இனத்துக்கு என்றே மானாமதுரையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

வாடிவாசல் இருக்கும் வரை அந்தக் கன்றுக்கு விலை உண்டு. வளர்க்க வீடு உண்டு. கயிற்றைப் பிடிக்கப் பிள்ளை உண்டு.

வாடிவாசலை மூடிவிட்டால்?

மூடித்தான் பார்த்தார்கள்

2014-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது.

காளைகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள், வாலை முறுக்குகிறார்கள், கண்ணில் எரிச்சல் ஊட்டுகிறார்கள் என்று புகார் செய்யப்பட்டது. அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள் என்பதை மறைப்பதற்கு இல்லை.

2015-ம் ஆண்டுப் பொங்கல் காளை இல்லாமல் போயிற்று. 2016-ம் ஆண்டுப் பொங்கலும் அப்படியே. பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் வாங்கிப் போட்டுக் காத்திருந்தவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்? காளையை விற்றவர்கள் உண்டு. கழுத்தைக் கட்டிக்கொண்டு, விற்க மாட்டேன் என்று வைத்திருந்தவர்களும் உண்டு.

2017-ம் ஆண்டு ஜனவரியில் வெடித்தது போராட்டம். அலங்காநல்லூரில் இளைஞர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். சென்னை மெரினா கடற்கரை மனிதக் கடல் ஆயிற்று. மதுரை தமுக்கம் மைதானத்தில் மாணவ-மாணவிகள் இரவும் பகலும் குவிந்தார்கள். சிம்மக்கல்லுக்குக் கூப்பிடு தூரத்தில், வைகை ஆற்று ரெயில் பாலத்தின் மேல் ஒரு ரெயில் நாள்கணக்கில் நின்றது. மறித்தவர்கள் நகரவில்லை. ரெயிலும் நகரவில்லை!

அந்த மாதம் 21-ந் தேதி அவசரச் சட்டம் வந்தது. 23-ந் தேதி சட்டசபையில் மசோதா நிறைவேறியது. பிப்ரவரி மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று ஊர்களிலும் வாடிவாசல் திறந்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2023-ம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி தீர்ப்பளித்தார்கள். 2024-ம் ஆண்டு ஜனவரி மாதம் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கு என்றே பெரிய அரங்கமும் திறக்கப்பட்டது.

வரவு இல்லாத செலவு

காளை வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல.

பருத்திக்கொட்டை, உளுந்தங்குருணை, தவிடு, பிண்ணாக்கு எல்லாம் வேண்டும். பொங்கல் நெருங்கினால் பேரீச்சம்பழம்கூடக் கொடுப்பார்கள். வீட்டுப் பிள்ளைக்கு அது கண்ணில் காட்டப்படுவது இல்லை. பிள்ளையும் சும்மா இருப்பது இல்லை. காளைக்கு ஒன்று, தனக்கு ஒன்று!

காலையில் நடை. கண்மாயில் நீச்சல். மாலையில் மண்மேட்டைக் கொம்பால் குத்தப் பழக்குவது. வேலைக்குப் போகும் ஆண்கள் இதை எல்லாம் தினமும் கவனிக்க முடியாது. தண்ணீர் காட்டுவது, தீனி வைப்பது, தொழுவம் கூட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. காளை அவர்களிடம் அதிகம் ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். மைக்கில் சொல்லப்படுவது மட்டும் வீட்டு ஆண்பிள்ளையின் பெயர். இப்போது சில இடங்களில் பெண்களும் சிறுமிகளும் தங்கள் பெயரிலேயே காளையை அவிழ்த்துவிடுகிறார்கள். ரொம்ப நியாயம்.

காளை ஜெயித்தால் பரிசு கிடைக்கும். கட்டில், பீரோ கிடைக்கும். மோட்டார் சைக்கிள், கார்கூடக் கிடைக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான காளைகள் வருகிற இடத்தில், கார் எத்தனை பேர் வீட்டுக்குப் போகும்? தின்ற தீனிக்கும் கிடைத்த பரிசுக்கும் கணக்குப் பார்த்தால், இந்தத் தொழிலில் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்.

அந்த ஒரு நாள்

தை முதல் நாள் அவனியாபுரம். இரண்டாம் நாள் பாலமேடு. மூன்றாம் நாள் அலங்காநல்லூர். இதுதான் வழக்கம்.

காளையைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து வண்டியில் ஏற்றும்போது வீட்டில் பேச்சு குறைந்துவிடும். கால்நடை டாக்டர்கள் காளையைச் சோதித்துச் சீட்டுக் கொடுத்தால்தான் அனுமதி. பிள்ளைகளை மாடு பிடிக்கும் களத்தில் விடுவது இல்லை. டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் கோவில் காளை வரும். அதை யாரும் தொட மாட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக வரும். வீரர்கள் திமிலைத்தான் பிடிக்க வேண்டும். கொம்பைப் பிடித்தால் தப்பு. வாலைப் பிடித்தால் தப்பு.

ஸ்பெயின் நாட்டில் காளைச் சண்டை என்றால், கடைசியில் காளையை வாளால் குத்திக் கொன்றுவிடுவார்கள். இங்கே காளை வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றே அனுப்புகிறார்கள். ஆனாலும் இது ஆபத்து இல்லாத விளையாட்டு அல்ல. ஒவ்வோர் ஆண்டும் உயிர் போகிறது. மாடு பிடிக்கிறவர்கள் மட்டும் அல்ல, வேடிக்கை பார்க்க வந்தவர்களும், காளையைக் கொண்டுவந்த சொந்தக்காரர்களும்கூடக் குத்துப்பட்டு இறந்திருக்கிறார்கள். அவர்கள் வீடுகளிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கவலை வாடிவாசலோடு தீர்வது இல்லை. அதைத் தாண்டிய பிறகுதான் பெரிய கவலையே.

வாடிவாசலை விட்டுப் பாய்ந்த காளை நிற்காமல் ஓடும். கூட்டத்தைத் தாண்டி, வயலைத் தாண்டி ஓடும். சொந்தக்காரர் கயிற்றோடு பின்னால் ஓடுவார். பாதி வழியில் பிடிபட்டால் நல்லது. கண்ணுக்குத் தப்பி ஓடிக் கிணற்றில் விழுந்த காளைகள் உண்டு. ரோட்டில் அடிபட்டவையும் உண்டு. ஊர் ஊராகத் தேடி அலைவார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். பிள்ளைகள் வாசல் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். வாசல் விளக்கை அணைக்க மாட்டார்கள். தொழுவத்தில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி இருக்கும்.

வந்துவிட்டால், முதலில் தண்ணீர். தொட்டி காலியாகும் வரை குடிக்கும். யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்று பெரியவர் சொல்லிக்கொண்டு இருக்கும்போதே, கடைக்குட்டி போய்க் கழுத்தில் கை வைத்திருப்பாள். உடம்பில் எத்தனை கீறல் என்று விளக்கு வெளிச்சத்தில் எண்ணுவார்கள். கீறலுக்கு மஞ்சள் அரைத்துப் பூசுவார்கள்.

மறுநாள் காலையில் தொழுவத்தைக் கூட்ட வேண்டும். படப்பில் வைக்கோல் பிடுங்க வேண்டும். பொங்கல் லீவு முடிந்துவிட்டால் பள்ளிக்கூடமும் உண்டு.